திருவனந்தபுரத்தில் ஏறினால் எத்தனை மணி நேரம்? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பயணக் கணக்கு

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து எது பக்கம், சென்னையா, மாலத்தீவா? வீட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கூடியிருந்த சொந்தக்காரர்களிடம் இதைக் கேட்டேன். ஒருவர் விடாமல் சென்னை என்றார்கள். கணக்குப் போட்டால் சென்னை சுமார் 614 கிலோமீட்டர், மாலே சுமார் 607 கிலோமீட்டர். வெளிநாடு என்றால் தூரம், நம் மாநிலத் தலைநகர் என்றால் பக்கம் என்று மனசு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. விமானத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது.

முதல் தடவை பறக்கப்போகிறவர்கள், வளைகுடாவுக்கு மகனை அனுப்புகிறவர்கள், சென்னை நேர்முகத் தேர்வுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு நேரம் ஆகும்?" இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு தாளும் செல்போனில் இருக்கிற கால்குலேட்டரும் போதும்.

முதலில் எந்த விமான நிலையம் என்று முடிவு செய்யுங்கள்

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்; நமக்குப் பக்கத்து விமான நிலையம் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலை வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தூத்துக்குடி விமான நிலையம், அதாவது வாகைக்குளம், திருநெல்வேலி வழியாகச் சுமார் 110. மதுரை சுமார் 240.

வெளிநாடு என்றால் யோசிக்க வேண்டாம், திருவனந்தபுரம்தான். மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அதாவது மார்த்தாண்டம், குழித்துறை, கருங்கல், கொல்லங்கோடு ஆட்களுக்கு எந்த ஊருக்கும் அதுவே வசதி. ஆனால் ஆரல்வாய்மொழி, தோவாளை, கன்னியாகுமரி பக்கம் இருப்பவர் சென்னைக்குப் போவதாக இருந்தால் தூத்துக்குடியையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிவிட்டால் நான்குவழிச் சாலை. 110 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் பிடித்துவிடலாம். மேற்கே போகிற 70 கிலோமீட்டருக்கு அதைவிட அதிக நேரம் ஆகிற நாள்கள் நிறைய உண்டு. வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாகைக்குளத்திலிருந்து சென்னை வான்வழியில் சுமார் 530 கிலோமீட்டர். திருவனந்தபுரத்தைவிட எண்பது கிலோமீட்டருக்கு மேல் குறைவு. ஆனாலும் ஏடிஆர் எனப்படும் விசிறி வைத்த சின்ன விமானம் என்றால் பறக்கிற நேரம் ஒன்றரை மணியைத் தாண்டும். அது மணிக்கு 500 கிலோமீட்டருக்கு உள்ளேதான் போகும். ஜெட் விமானம் 800-க்கு மேல். தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. டிக்கெட் போடும்போது விமானத்தின் வகை பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

தூரத்தைக் கண்டுபிடிப்பது: படகுக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரம் என்று இணையத்தில் வருவது சாலைத் தூரம் கிடையாது. உருண்டை பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வருகிற மிகக் குறுகிய தூரம் அது. தேடினால் நொடியில் கிடைக்கும்தான். ஆனால் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் அப்புறம் எந்த ஊரைச் சொன்னாலும் மனசில் ஓர் அளவு வந்துவிடும்.

தூத்தூர், இரயுமன்துறை, குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இது சோறு தின்கிற மாதிரி. படகில் இருக்கிற ஜிபிஎஸ் கருவி காட்டுகிற அட்ச ரேகை, தீர்க்க ரேகை எண்களேதான் விமானியிடமும் இருக்கின்றன. அவரும் கடல் மைலில்தான் தூரம் பார்க்கிறார், 'நாட்' (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அளவில்தான் வேகம் சொல்கிறார். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அட்ச ரேகையில் ஒரு பாகைக்கு (டிகிரி) 60 கலை (மினிட்). ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல். இவ்வளவுதான் தெரிய வேண்டும்.

திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8 பாகை 29 கலை, கிழக்கு 76 பாகை 55 கலை. சென்னை வடக்கு 12 பாகை 59 கலை, கிழக்கு 80 பாகை 10 கலை.

வடக்குத் தெற்காக வித்தியாசம் 4 பாகை 30 கலை. கலையாக மாற்றினால் 270. ஆக 270 கடல் மைல்.

கிழக்கு மேற்காக வித்தியாசம் 3 பாகை 15 கலை, அதாவது 195. இதை அப்படியே எடுக்கக் கூடாது. நிலநடுக்கோட்டை விட்டு வடக்கே போகப் போகத் தீர்க்க ரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும், பலாச்சுளை நுனியில் குறுகுவது போல. அதனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் உள்ள அட்ச ரேகையின் கொசைன் மதிப்பால் (கால்குலேட்டரில் cos பொத்தான்) பெருக்க வேண்டும். இங்கே நடு ரேகை ஏறக்குறைய 10.7 பாகை, கொசைன் 0.98. பெருக்கினால் 191 கடல் மைல்.

இனிப் பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம். 270-இன் வர்க்கமும் 191-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 331. அதை 1.852-ஆல் பெருக்குங்கள்: 613 கிலோமீட்டர். இணையம் காட்டுகிற எண்ணோடு ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

துபாய்க்கும் இதே முறையில் நான் போட்டுப் பார்த்தேன். துபாய் வடக்கு 25 பாகை 15 கலை, கிழக்கு 55 பாகை 22 கலை. விடை சுமார் 2,954 கிலோமீட்டர் வந்தது. உருண்டைக் கணக்கில் 2,947. இவ்வளவு பெரிய தூரத்துக்கு ஏழு கிலோமீட்டர் பிசகு பெரிய விஷயமில்லை. ஆனால் லண்டன், நியூயார்க் என்று போனால் இந்தத் தட்டைக் கணக்கு காலை வாரிவிடும். அங்கெல்லாம் இணையக் கணிப்பானையே நம்புங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து நம் ஆட்கள் அதிகம் போகிற மற்ற ஊர்கள், கிலோமீட்டரில், ஏறக்குறைய: கொழும்பு 357, பெங்களூரு 530, மும்பை 1,260, டெல்லி 2,230, மஸ்கட் 2,600, சிங்கப்பூர் 3,100, தோஹா 3,265. டெல்லிக்கும் மஸ்கட்டுக்கும் இடையே வித்தியாசம் நானூறு கிலோமீட்டர்கூட இல்லை.

தூரத்திலிருந்து நேரம்

என் வழி இது: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, வருகிற நேரத்தோடு 35 நிமிடம் கூட்டுங்கள். அந்த 35 நிமிடம் விமானம் வாசலை விட்டு நகர்ந்து, ஓடுபாதை வரை ஊர்ந்து, மேலே ஏறி, மறுபடி இறங்கி, அங்கே வாசலில் வந்து நிற்பதற்கு. டிக்கெட்டில் போடுகிற நேரமும் வாசலிலிருந்து வாசல் வரைக்குமானதுதான்.

சென்னை: 614-ஐ 800-ஆல் வகுத்தால் 46 நிமிடம்; 35 சேர்த்தால் 1 மணி 21 நிமிடம். துபாய்: 3 மணி 41 நிமிடம், 35 சேர்த்தால் 4 மணி 16 நிமிடம். டெல்லி சுமார் 3 மணி 22 நிமிடம். சிங்கப்பூர் நாலரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தள்ளி நிற்காது. ஏடிஆர் விமானத்துக்கு மட்டும் 800-க்குப் பதில் 480 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போதும் வரும்போதும் நேரம் ஏன் மாறுகிறது என்று சிலர் கேட்பார்கள். காற்றுதான். மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, நமக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடும். தரையில் நமக்கு மேற்கிலிருந்து காற்றடிக்கும் அதே மாதங்களில் மேலே நேர் எதிராக! வளைகுடாவுக்குப் போகிற விமானத்துக்கு அது முதுகில் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. குளிர்காலத்தில் வளைகுடாவை நெருங்க நெருங்க மேற்கிலிருந்து எதிர்க்காற்று. போக நேரம் கூடும், வரக் குறையும்.

காற்றைவிடப் பெரிய இடைஞ்சல், வான்வெளியை மூடுவது. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியபோது நடுவானில் இருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கணக்கும் நிற்காது.

டிக்கெட்டில் உள்ள மணியை வாசிப்பது

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். புறப்படுகிற நேரம் புறப்படும் ஊரின் மணி. சேருகிற நேரம் சேரும் ஊரின் மணி. திருவனந்தபுரத்தில் காலை 4.00 புறப்பாடு, துபாயில் 6.45 சேர்க்கை என்று இருந்தால் பயணம் இரண்டே முக்கால் மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதைக் கூட்டினால் நாலேகால். திரும்பி வரும்போது அதே ஒன்றரை மணியைக் கழிக்க வேண்டும்: இரவு 10.00 புறப்பட்டு மறுநாள் அதிகாலை 3.40-க்கு வந்தால் ஐந்து மணி நாற்பது நிமிடம் போலத் தெரியும். உண்மையில் 4 மணி 10 நிமிடம்தான்.

ஓமானும் ஐக்கிய அமீரகம் போலவே ஒன்றரை மணி பின்னால். கத்தார், சவூதி, குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். மாலத்தீவு அரை மணி பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி முன்னால். இலங்கைக்கு நம் மணியேதான்.

அப்புறம் தேதி. என் மச்சானுக்கு 15-ஆம் தேதி 00.30-க்கு விமானம். 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று வீடே அமைதியாக இருந்தது. டிக்கெட்டை வாங்கி வைத்திருந்தது நான். பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதும் நான்தான். 15-ஆம் தேதி காலை தோசை சாப்பிடும்போது அவர் தங்கை எதேச்சையாக அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். விமானம் போய் எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. நள்ளிரவு தாண்டி அரை மணிக்குப் புறப்படுகிற விமானம் என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதைக் காலண்டரில் 14-இல் சிவப்புப் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். கல்யாண வீடானாலும் சரி, மரண வீடானாலும் சரி, அந்தக் காலண்டர் எல்லார் கண்ணிலும் படட்டும்.

இன்னொன்று: டைரக்ட் என்று போட்டிருந்தால் நிற்காமல் போகும் என்று அர்த்தமில்லை. வழியில் ஓரிடத்தில் இறங்கி ஆள் ஏற்றிக்கொண்டு, அதே விமானம், அதே எண்ணோடு தொடரலாம். நேரே போக வேண்டுமென்றால் நான்-ஸ்டாப் என்று இருக்க வேண்டும். ஷார்ஜாவும் துபாயும் வேறு வேறு விமான நிலையங்கள் என்பதையும் அங்கே கூப்பிட வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி நிஜமான சிக்கல்: வீட்டிலிருந்து வாசல் வரை

மேலே 3,000 கிலோமீட்டருக்கு நிமிடக் கணக்கு சொல்லிவிட்டேன். கீழே இருக்கிற 70 கிலோமீட்டருக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

நான் தக்கலைக்காரன். பழைய சாலையில் போனால் மார்த்தாண்டம் மேம்பாலம் கொஞ்சம் கை கொடுக்கும். ஆனால் குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு சந்தியும் ஒவ்வொரு கால் மணி நேரம் கேட்கும். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் பாலராமபுரத்தில் மாட்டிக்கொண்டால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. காரோடு என்ற ஊர்ப் பக்கம் ஏறி முக்கோலா, ஈஞ்சக்கல் வழியாகச் சாக்கைக்குப் போகிற புறவழிச்சாலை இப்போது இருக்கிறது. டிரைவரிடம் கிளம்பும்போதே "பைபாஸ்ல போவோம்" என்று சொல்லிவிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து பகலில் இரண்டரை மணி, அதன் மேல் அரை மணி கைவசம் என்று வையுங்கள். நடுநிசியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ரயிலும் உண்டு. நாகர்கோவில், இரணியல், குழித்துறையில் ஏறித் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோதான். லக்கேஜ் குறைவாக இருந்து, வண்டி நேரம் பொருந்தினால் நல்ல வழி. பஸ் என்றால் வடசேரியிலிருந்து தம்பானூர் வரை.

எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் கட்டாயம் பாருங்கள். பழைய உள்நாட்டு முனையம் கடற்கரைப் பக்கம் சங்குமுகத்தில். பன்னாட்டு முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் சாக்கையில். நடுவே ஓடுபாதை கிடக்கிறது, நடந்து கடக்க வழியில்லை. வண்டியில் சுற்றித்தான் வர வேண்டும். உள்நாட்டு விமானம் என்றால் சங்குமுகம்தான் என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம்.

திருவிழாக்களைக் காலண்டரில் பாருங்கள். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி ஆராட்டு, ஐப்பசி ஆராட்டு நாள்களில் சுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகிறது. அந்த இரண்டு நாளும் சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களே கிடையாது. நேரங்களை மாற்றி வைப்பார்கள். நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் கொட்டாரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிற நாள்களில் அதே சாலையில்தான் நாமும் போக வேண்டும். சாமிக்கு வழிவிட்டு நின்று விமானத்தை விட்டவர்கள் உண்டு. ஆற்றுக்கால் பொங்கல் அன்று நகரத்துக்குள் காரே நுழைய முடியாது.

இனிப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வாசலில் நிற்க வேண்டும். செக்-இன் கவுன்ட்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதிகாலை 4.00 மணி துபாய் விமானம் என்றால் 1.00 மணிக்கு சாக்கையில். நாகர்கோவிலில் இரவு 10.00-க்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும், மார்த்தாண்டத்தில் 11.00, கன்னியாகுமரியில் 9.30. சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுகிற நேரம் இதில் சேராது. அதற்குத் தனியாக அரை மணி.

சென்னைக்கு மட்டும் போகிறவர்கள் முழுக் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து சாலையில் மூன்று மணி, விமான நிலையத்தில் இரண்டு மணி, பறப்பது ஒன்றேகால் மணிக்கு மேல், மீனம்பாக்கத்தில் பெட்டி வாங்கி வெளியே வர முக்கால் மணி. ஏழு மணி நேரம் போய்விட்டது. 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் சுமார் ஒன்பது மணி நேரத்தில் எழும்பூரில் விட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனசு வராது. மார்த்தாண்டத்துக்காரர் என்றால் என் பதில் வேறு. அவருக்கு விமானம் லாபம்.

கூப்பிடப் போகிறவர்களுக்கு

விமானம் தரையிறங்குகிற நேரமும் ஆள் வெளியே வருகிற நேரமும் ஒன்றில்லை. குடியுரிமைச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து மூன்று கார் நிறைய ஆட்கள் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பது நம் ஊர் வழக்கம். பார்க்கிங் காசும் கொசுக்கடியும்தான் மிச்சம்.

செல்போனில் பிளைட்ராடார்24 செயலியைத் திறந்து விமானத்தின் எண்ணைப் போட்டால் அது எங்கே வருகிறது என்று வரைபடத்தில் தெரியும். துபாயிலிருந்து வருகிற விமானம் அரபிக்கடலைத் தாண்டி லட்சத்தீவுப் பக்கம் வரும்போது இறங்க இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் தக்கலையில் வண்டியை எடுத்தால், இரவானால் பாறசாலையில் ஒரு சாயா குடித்துவிட்டுப் போனாலும், பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வருகிற நேரத்துக்கு நீங்கள் வாசலில் நிற்பீர்கள்.